அம்பாசிடர் வளைவில் ஒதுங்காமல் ஓட: பின்பக்கப் பட்டை வேலை, படிப்படியாக

நேர் ரோட்டில் அம்பாசிடரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. திண்டுக்கல் - நத்தம் சாலையில் திரும்பி சிறுமலை ஏறிப் பாருங்கள், 18 கொண்டை ஊசி வளைவு. ஸ்டியரிங்கை ஒடித்ததும் முன்பக்கம் திரும்பிவிடும். பின்பக்கம் கொஞ்சம் பக்கவாட்டில் ஒதுங்கி, அப்புறம்தான் கூட வரும். எங்கள் வீட்டு 1800 இசுசூ எஞ்சின் அம்பாசிடரில் இதைச் சரிசெய்த முறையை எழுதுகிறேன். ஜாக்கி போடவும் ஸ்பேனர் பிடிக்கவும் தெரிந்தவர்கள் ஒரு துணை ஆளோடு செய்துவிடலாம்.

பட்டறையில் கேட்டால் முதலில் வரும் யோசனை, "ஒரு பட்டை சேர்த்துப் போட்ருவோம் சார்." பட்டை என்றால் லீஃப் ஸ்பிரிங், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய வளைந்த எஃகுத் தகடு. டாக்சியில் குடும்பத்தையும் மூட்டையையும் சேர்த்து ஏற்றிய காலத்து வழக்கம் அது. சுமைக்குச் சரி, வளைவுக்கு உதவாது. பின்பக்க ஆக்சில் ஒரே துண்டு. அதை இடம் மாறாமல் பிடித்திருப்பதும் வண்டியின் எடையைத் தாங்குவதும் அதே இரண்டு பட்டைக் கட்டுகள்தான். பட்டையின் முனைகளில் போல்ட்டைச் சுற்றி இருக்கும் ரப்பர் வளையமான புஷ் தேய்ந்துபோனால் வளைவில் ஆக்சில் லேசாகக் கோணிக்கொள்ளும், பின்சக்கரங்கள் தாமாகவே ஒரு பக்கம் திரும்பும். இதைப் பட்டை சேர்த்துச் சரிசெய்ய முடியாது. பின்பக்கம் இன்னும் விறைப்பாகி, மேடுபள்ளமான வளைவில் டயர் தரையை விட்டுத் துள்ளும். ஆக்சிலை அதன் இடத்தில் நிறுத்துவதுதான் முதல் வேலை. அமெரிக்காவின் முதல் தலைமுறை மஸ்டாங், கமாரோ கார்களிலும் பின்பக்கம் இதே பட்டை அமைப்புதான். அந்த வண்டிக்காரர்கள் செய்யும் வேலைகளில் பாதிக்கு மேல் நமக்கும் பொருந்தும்.

அளவு எடுப்பது

சமதளமான சிமென்ட் தரையில் வண்டியை நிறுத்துங்கள். நான்கு டயரிலும் காற்று சரியாக இருக்கட்டும், டிக்கி காலியாக இருக்கட்டும். பின்சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை இரண்டு பக்கமும் அளந்து எழுதி வையுங்கள். அடுத்து, டயருக்கும் உள்பக்கத் தகட்டுக்கும் இடையே உள்ள இடைவெளி. இரண்டு பக்கமும் ஒன்றாக இல்லையென்றால் ஆக்சில் நகர்ந்திருக்கிறது.

டார்ச் அடித்து மட்கார்டின் உள்ளே பாருங்கள். எங்கள் வண்டியில் ஒரு பக்கம் மட்டும் பெயின்ட் போய், விரல் அகலத்துக்குத் தகடு பளபளவென்று தேய்ந்திருந்தது. டயர் உரசிய தடம். ஆக்சிலைப் பட்டையோடு இறுக்கிப் பிடிக்கும் யூ போல்ட் உட்காரும் இடத்தில் செம்பழுப்புத் தூள் ஒட்டியிருந்தால் அங்கே ஆக்சில் அசைகிறது என்று பொருள்.

கழற்றுவது

முன்சக்கரங்களுக்கு அணை கொடுங்கள். பின்பக்கத்தைத் தூக்கி, பட்டையின் முன் போல்ட்டுக்கு முன்னால் பாடியின் கனமான பெட்டிப் பகுதிக்குக் கீழே ஸ்டாண்டு வையுங்கள். வெறும் தரைத்தகடு தாங்காது. ஹாலோ பிளாக் கல்லை மட்டும் ஸ்டாண்டாக வைத்துவிடாதீர்கள். அது சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும், அடியில் இருப்பது நீங்கள்.

ஜாக்கி ஆக்சிலைத் தாங்கி நிற்கட்டும். ஷாக் அப்சார்பரின் கீழ் போல்ட், யூ போல்ட், ஷேக்கிள் (பட்டையின் பின்முனையைப் பாடியோடு சேர்க்கும் ஆடும் இணைப்பு), கடைசியாக முன் போல்ட் என்ற வரிசையில் கழற்றுங்கள். முந்தைய இரவே துரு இளக்கும் ஆயிலை அடித்துவைத்தால் பாதி மல்லுக்கட்டு மிச்சம். பிரேக் ஹோஸில் ஆக்சில் தொங்கக் கூடாது. எந்தக் கட்டு இடது, எது வலது, முன்பக்கம் எது என்று சாக்பீஸால் குறித்துவிடுங்கள்.

பட்டைகளைச் சேர்த்துப் பிடிக்கும் சென்டர் போல்ட்டைத் திறக்கும் முன் பட்டைக் கட்டை வைஸில் இறுக்கிப் பிடியுங்கள். பட்டைகள் விசையோடு விரியும். ஒவ்வொன்றையும் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, சென்டர் துளையைச் சுற்றி விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். விரிசல் விட்ட பட்டையை வெல்டிங் வைத்து ஓட்டக் கூடாது, மாற்றத்தான் வேண்டும். நுனி உராய்ந்து பள்ளம் விழுந்திருந்தால் கூர்முனையை அரத்தால் மழுக்கிவிடுங்கள்.

வளைவு இறங்கிப்போயிருந்தால் லாரிப் பட்டை வேலை செய்யும் பட்டறைக்குக் கொண்டுபோங்கள். சூடாக்காமல் தட்டி வளைவு ஏற்றித் தரச் சொல்லுங்கள். கேஸ் டார்ச் காட்டிச் சிவக்க வைத்து வளைப்பவரிடம் கொடுக்காதீர்கள். ஸ்பிரிங் எஃகின் பதம் அந்தச் சூட்டில் போய்விடும், பட்டை சீக்கிரமே மறுபடி தொய்ந்துவிடும். சேர்க்கும்போது பட்டைகளுக்கு இடையே கிராஃபைட் கிரீஸ் மெல்லிசாகப் போதும். பழைய எஞ்சின் ஆயிலை ஊற்றுவது எனக்குப் பிடிக்காத பழக்கம். அது புஷ் வரை ஒழுகி ரப்பரை ஊத வைக்கும்.

புஷ்: நிதானமாகச் செய்ய வேண்டிய இடம்

ரப்பரைவிட விறைப்பான பாலியூரித்தேன் புஷ் எல்லா இடத்திலும் போட வேண்டும் என்று சொல்பவர்கள் உண்டு. நான் முன் கண்ணில் (பட்டையின் முன்முனையில் போல்ட் நுழையும் வளையம்) மட்டும் அதைப் போடுவேன், ஷேக்கிள் பக்கம் நல்ல புது ரப்பர். ஆக்சிலை இடத்தில் நிறுத்துவது பெரும்பாலும் முன் கண்தான், அங்கே விறைப்பு வேண்டும். ஷேக்கிள் முன்னும் பின்னும் ஆட வேண்டும், கொஞ்சம் முறுக்கிக்கொள்ளவும் வேண்டும். அங்கே கடினமான புஷ் போட்டால் பட்டை பிடித்துக்கொள்ளும். பாலியூரித்தேனுக்கு சிலிக்கான் கிரீஸ் தடவுங்கள்.

இப்போது முக்கியமான விஷயம். எங்கள் வண்டியில் முதல் தடவை மாட்டும்போது இரண்டு பக்கமும் ரப்பர் புஷ்தான் போட்டிருந்தோம். கீழே இறக்கியதும் பின்பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது, இடதும் வலதும் அளவு ஒட்டவில்லை. பட்டையில் குறை இல்லை. சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போதே கண் போல்ட்டுகளை முழுசாக முறுக்கியதுதான் காரணம். இரும்புக் குழாய் வைத்த ரப்பர் புஷ்ஷில் போல்ட் இறுகினதும் உள்குழாய் அசையாது. பட்டை அசையும்போது ரப்பர்தான் முறுக்கி இடம் கொடுக்கும். அந்தரத்தில் இறுக்கினால், வண்டி சும்மா நிற்கும்போதே ரப்பர் முறுக்கிய நிலையில் இருக்கும். உயரம் மாறும், புஷ்ஷும் சீக்கிரம் கிழியும்.

அதனால் கண் போல்ட்டையும் ஷேக்கிள் நட்டையும் கையால் இறுகும் அளவு மட்டும் மாட்டுங்கள். சக்கரம் போட்டு, வண்டியைத் தரையில் இறக்கி, டிக்கியை நாலைந்து தடவை அமுக்கி விடுங்கள். வண்டி தன் உயரத்துக்கு வந்த பிறகு, எடை சக்கரத்தில் இருக்கும்போதே முழு இறுக்கம். அடியில் கை போகாவிட்டால், பின்சக்கரங்களைக் கனமான மரப்பலகை மேல் ஏற்றி, முன்சக்கரத்துக்கு அணை கொடுத்துச் செய்யுங்கள்.

யூ போல்ட் எப்போதும் புதிது. பழையது நீண்டிருக்கும், மறுபடி இறுக்கம் நிற்காது. நான்கு நட்டையும் குறுக்குக்குறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து முறுக்குங்கள். கருவி வாங்கக் காசு ஒதுக்குவதென்றால் முதலில் நல்ல டார்க் ரெஞ்ச் வாங்குங்கள்.

ஷாக் இரண்டையும் ஜோடியாக மாற்றுங்கள். டிக்கியை அமுக்கிவிட்டால் வண்டி ஒரு தடவை ஏறி அடங்க வேண்டும்.

பன்ஹார்டு ராடு வேண்டுமா?

இதுவரை செய்ததிலேயே பெரும்பாலோருக்குத் திருப்தி வந்துவிடும். இன்னும் வேண்டும் என்பவர்கள், ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்க, அதன் ஒரு முனையிலிருந்து எதிர்ப்பக்கப் பாடிக்குக் குறுக்கே ஒரு ராடு கொடுக்கலாம். நீளமாக இருக்க வேண்டும், வண்டி நிற்கும் உயரத்தில் தரைக்கு இணையாக இருக்க வேண்டும். 800 மில்லிமீட்டர் ராடு கிடையாக இருந்தால், ஆக்சில் 50 மில்லிமீட்டர் ஏறும்போது பக்கவாட்டு நகர்வு ஒன்றரை மில்லிமீட்டர்தான். அதே ராடு 50 மில்லிமீட்டர் சாய்வில் தொடங்கி, அந்தச் சாய்வு கூடும் பக்கமாக இன்னொரு 50 போனால், ஐந்து மில்லிமீட்டருக்குப் பக்கத்தில் நகரும். அந்தச் சாய்வோடு மாட்டுவதைவிட மாட்டாமலே விடலாம்.

பாடியில் பிராக்கெட் வெல்டிங் வைக்கும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். வண்டியில் மாற்றம் செய்வதற்கு 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவில் கட்டுப்பாடு இருக்கிறது. தேய்ந்த பாகத்துக்கு அதே மாதிரிப் பாகம் போடுவது வேறு, புதிதாக ஒன்றைச் சேர்ப்பது வேறு.

பிறகு சேர்த்தது

வேலை முடிந்ததும் 'கீச் கீச்' சத்தம் வருகிறது என்று சிலர் கேட்டிருந்தார்கள். வேகத்தடை ஏறும்போது மட்டும் வந்தால் பெரும்பாலும் முன் கண்ணின் பாலியூரித்தேன் புஷ்தான். எடையை இறக்கி, போல்ட்டை உருவி, சிலிக்கான் கிரீஸ் தடவிப் போட்டால் நிற்கும். வளைவில் 'டொக்' என்று ஒரே ஒரு சத்தம் வந்தால் அப்படியே ஓட்டாதீர்கள், யூ போல்ட் தளர்ந்திருக்கிறது. சத்தம் இல்லாவிட்டாலும் முதல் 100 கிலோமீட்டருக்குள் எல்லா நட்டையும் மறுபடி சோதியுங்கள், மலை ஏறுவதை அதற்கு அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள்.