தாளத்தைத் தேடாதீர்கள்: ஹோசோகாவாவைக் கேட்கும் முறை

ஜப்பானிய இசையமைப்பாளர் தோஷியோ ஹோசோகாவா 1955இல் ஹிரோஷிமாவில் பிறந்தவர். 1976இல் பெர்லின் போய்க் கொரிய இசையமைப்பாளர் இசாங் யுன்னிடமும், பிறகு ஃப்ரைபுர்க்கில் கிளாவுஸ் ஹூபரிடமும் படித்தார். வாழ்க்கைக் குறிப்பு இவ்வளவு போதும், காதுக்கு வருவோம்.

முதலில் வால்யூம். இவருடைய உருப்படிகள் பல கேட்டும் கேட்காமலும்தான் தொடங்கும். அதைப் பார்த்து ஏற்றி வைத்தால், நடுவில் மொத்த ஆர்கெஸ்ட்ராவும் எழும்போது காது கிழியும். நடுவே ஓட்டி, ஆகப் பலமான இடத்தில் வால்யூமை நிர்ணயித்துவிட்டு முதலுக்கு வாருங்கள். போன் ஸ்பீக்கர் உதவாது, ஹெட்போன் வேண்டும். சீலிங் ஃபேனையும் நிறுத்தணும். சித்திரை மாதத்து மதுரையில் இது கொடுமைதான். ராத்திரி பதினொரு மணிக்கு மேல் உட்காருங்கள்.

தொடங்க நல்லது 1993இல் எழுதிய 'லேண்ட்ஸ்கேப் 5'. இரண்டு வயலின், வியோலா, செல்லோ, கூடவே ஷோ. ஷோ என்பது ஜப்பானிய அரசவை இசையான ககாகுவின் வாத்தியம்: 17 மூங்கில் குழல், அதில் 15 மட்டும் பேசும். ஹார்மோனியம் மாதிரி உள்ளே உலோக நாக்கு. ஊதினாலும் ஒலிக்கும், உறிஞ்சினாலும் ஒலிக்கும். அதனால் மூச்சு வாங்கும்போதும் நாதம் அறுபடாது. மூச்சின் ஈரம் நாக்கில் படிந்தால் சுருதி கெடும் என்று வாசிப்பவர்கள் அடிக்கடி அதைச் சூடுகாட்டுவார்கள்.

நாதஸ்வரத்துக்கு ஒத்துப் பிடிப்பதைக் கேட்டு வளர்ந்த காதுக்கு இது சுலபமான வாசல். தந்திகளை விட்டுவிட்டு ஷோவைப் பிடியுங்கள். ஒத்து அசையாது, ஷோ பெருகும், சுருங்கும். உங்கள் மூச்சை அதோடு சேர்த்து விட்டுப் பாருங்கள்.

ஆரோகணம் தேடினால் ஏமாறுவீர்கள். ஒரே ஸ்வரத்தை நீட்டி, நடுக்கி, வழுக்கி, உரசி உயிர் கொடுப்பது யுன்னிடம் இருந்து வந்த வழி. ஆலாபனையில் ஒரு ஸ்வரத்தில் நின்று கமகம் கொடுப்பதைக் கேட்பதுபோல் கேளுங்கள்.

நடுவே ஒலி நின்றுபோகும் இடைவெளியில், முடிந்துவிட்டது என்று அடுத்ததற்குத் தாவாதீர்கள். மார்கழி விடியலில் கோலம் போடுகிறவரின் கையைக் கவனியுங்கள்: மாவு விழுமுன்பே கை காற்றில் வளைந்து வரும். ஹோசோகாவா இதையே ஜப்பானியத் தூரிகை எழுத்தை வைத்துச் சொல்கிறார். கோடு விழுமுன் காற்றில் போகும் அசைவைப்போல, அந்த மௌனமும் கோட்டில் சேர்த்திதான்.

அடுத்து 2010இல் எழுதிய ஹார்ன் கான்செர்ட்டோ, அதாவது ஹார்ன் என்ற பித்தளை ஊதுவாத்தியம் முன்னே நிற்க, ஆர்கெஸ்ட்ரா கூட வரும் உருப்படி. தாமரை மலர்வதுதான் இதன் கரு. ஹார்ன்தான் தாமரை, ஆர்கெஸ்ட்ரா அதைச் சூழ்ந்த இயற்கை. இதற்குப் பொற்றாமரைக் குளத்துப் பொன் தாமரை சரிப்படாது. கண்மாய்ச் சேற்றில் முளைத்ததை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் தடவை ஹார்ன் போகும் வழியே போங்கள். மறு தடவை, ஆகக் கீழே ஒலிக்கும் பெரிய தந்தி வாத்தியமான டபுள் பாஸ் அடியில் என்ன செய்கிறது என்று மட்டும் கேளுங்கள்.