சிங்கமீனைக் கடல்நீர்த் தொட்டியில் வளர்க்கும் முறை

சிங்கமீன் யாரையும் துரத்திவந்து குத்துவதில்லை. அது எங்கே நிற்கிறது என்று பாராமல் தொட்டிக்குள் கையை விடுபவர்தான் குத்துப்படுகிறார். ஆகவே நீரில் கையை நனைக்குமுன் மீனைக் கண்ணால் தேடிக்கொள்வதும், வேலை முடியும்வரை அதன்மீது ஒரு கண் வைத்திருப்பதும் இம்மீனை வளர்ப்பவருக்கு முதற்பழக்கமாக வேண்டும். விசிறிபோல் விரியும் மார்புத்துடுப்புகள் அச்சமூட்டினாலும் அவற்றில் நஞ்சில்லை; முதுகிலுள்ள 13 முட்களிலும், அடிவயிற்றுப் பக்கத்துத் துடுப்புகளின் சில முட்களிலுமே நஞ்சு இருக்கிறது. முள் தோலில் இறங்கும்போது அதை மூடியிருக்கும் மெல்லிய உறை பின்னுக்குத் தள்ளப்பட, முள்ளின் இருபுறப் பள்ளங்கள் வழியே நஞ்சு காயத்துக்குள் செல்கிறது.

இந்த நஞ்சு வெப்பத்தில் சிதையும் புரதம். குத்துப்பட்டால், பொறுக்கக்கூடிய சூட்டில், 45 டிகிரி செல்சியசுக்கு மேற்படாத வெந்நீரில் அந்த இடத்தை 30 முதல் 90 நிமிடம் வரை அமிழ்த்தி வைக்க வேண்டும். வலியில் மரத்த கைக்குச் சூடு தெரியாது என்பதால், நீரின் சூட்டை மற்றொரு கையால் பார்க்க வேண்டும். பிறகு மருத்துவரிடம் காட்டுவது அவசியம். மூச்சுத்திணறலோ மயக்கமோ தோன்றினால் வெந்நீருக்காகக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

கடையில் விரல்நீளம் இருக்கும் செஞ்சிங்கமீன் ஓரடியையும் தாண்டி வளரக்கூடியது என்பதால் 450 லிட்டருக்குக் குறைந்த தொட்டி அதற்குப் போதாது. இடம் குறைந்தவர்கள் 200 லிட்டரில் குள்ளச் சிங்கமீனை வளர்க்கலாம். வெப்பநிலை 24 முதல் 27 டிகிரி வரையும், உப்படர்த்தி (நன்னீரோடு ஒப்பிட்ட உப்புநீரின் அடர்த்தி) 1.025-ஐ ஒட்டியும் இருக்கட்டும். இறைச்சி தின்னும் மீன் நீரை விரைவில் கெடுக்கும். ஆகையால் நீரிலுள்ள கழிவை நுரையாக்கி அகற்றும் வலுவான புரோட்டீன் ஸ்கிம்மர் வேண்டும். வாயில் நுழையும் எந்த மீனும் இரையாகிவிடும். துடுப்பைக் கடிக்கும் பேத்தை போன்றவையும் துணைக்கு ஆகா.

பலர் தவறுவது உணவில்தான். தங்கமீன் போன்ற நன்னீர் மீன்களை உயிருடன் போட்டு வளர்ப்பது பார்க்க விறுவிறுப்பாக இருக்கலாம்; ஆனால் தங்கமீனிலுள்ள தயமினேஸ் என்னும் நொதி வைட்டமின் பி1-ஐச் சிதைப்பதோடு, பொருந்தாத கொழுப்பும் நாளடைவில் கல்லீரலைக் கெடுக்கிறது. புதிதாக வந்த மீன் அசையாத உணவைத் தொடாது; முதலில் உயிருள்ள சிறு இறால்களைக் கொடுத்துவிட்டு, பின்னர் உறைய வைத்து உருக்கிய இறால் துண்டை நீண்ட குச்சியின் நுனியில் செருகி, நீந்துவதுபோல் மெல்ல ஆட்ட வேண்டும். மீன் துடுப்புகளை விரித்து அணுகி, ஒரு கணம் அசையாமல் நின்று, இமைக்கும் நேரத்தில் துண்டை உறிஞ்சிவிடும். பழகிய பிறகு கண்ணாடியருகே வந்து கெஞ்சும்; அதற்கு இரங்காமல், வளர்ந்த மீனுக்கு வாரம் இரண்டு மூன்று முறை கொடுத்தால் போதும்.

சில சமயம் உடலிலிருந்து வெண்மையான சவ்வு உரியும். அது இவ்வினத்தின் இயல்பு, நோயென்று மருந்தூற்ற வேண்டாம். இடம் மாற்றும்போது வலையில் முட்கள் சிக்கும் என்பதால், அகன்ற பிளாஸ்டிக் பாத்திரத்துக்குள் குச்சியால் மெல்ல ஓட்டி, நீரோடு சேர்த்து எடுக்க வேண்டும்.