ஆன்டிபயாடிக்கோடு புரோபயாடிக் எடுப்போர் கவனிக்க

ஆன்டிபயாடிக் சாப்பிடும்போது நோய்க்கிருமியோடு சேர்ந்து குடலில் வாழும் நல்ல பாக்டீரியாக்களும் அழிவதால், காலியான இடத்தில் மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகிவிடக்கூடும். அவற்றை, நன்மை தரும் உயிருள்ள நுண்ணுயிர்கள் அடங்கிய புரோபயாடிக்கால் குறைக்க முடியும் என்ற நம்பிக்கைக்குத் தாய்லாந்து ஆய்வொன்று வலுச் சேர்த்திருக்கிறது. பேசில்லஸ் சப்டிலிஸ் என்னும் பாக்டீரியாவை ஏறத்தாழ நான்கு வாரம் தினமும் உட்கொண்டவர்களின் குடலில், மருந்தெதிர்ப்புக்குப் பேர்போன ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் கிருமி 95 சதவீதத்துக்கும் மேல் குறைந்ததாக 2023இல் வெளியான அந்த ஆய்வு காட்டியது.

கடையில் கிடைக்கும் எல்லாப் புரோபயாடிக்கும் இப்படி வேலை செய்யும் என்று எண்ணிவிட வேண்டாம். ஆன்டிபயாடிக் முடித்த கையோடு பல பாக்டீரியாக்கள் கலந்த புரோபயாடிக்கை எடுத்துக்கொண்டவர்களுக்கு, அவர்களுடைய சொந்தக் குடல் பாக்டீரியாக்கள் மீள்வது தாமதமானதை இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவன ஆய்வாளர்கள் 2018இல் கண்டறிந்தனர். ஆகவே எந்த வகை, எத்தனை நாள் என்பதை மருத்துவரிடம் கேட்டே முடிவுசெய்ய வேண்டும்.

புரோபயாடிக் வகைகளில் ஒன்றான சேக்கரோமைசிஸ் பௌலார்டி பாக்டீரியா அல்ல, ஈஸ்ட் என்னும் பூஞ்சை என்பதால் ஆன்டிபயாடிக் அதைக் கொல்வதில்லை. பாக்டீரியா வகைகளுக்கோ ஆன்டிபயாடிக்கிலிருந்து இரண்டு மணி நேர இடைவெளியாவது வேண்டும். தயிர் வயிற்றுக்கு இதமானதுதான் என்றாலும், அதிலுள்ள கால்சியம் சிப்ரோஃப்ளாக்சசின், டாக்சிசைக்ளின் போன்ற ஆன்டிபயாடிக்குகள் உடலில் சேர்வதைக் குறைப்பதால், அந்த மாத்திரைகளைத் தயிர்சாதம் சாப்பிட்ட கையோடு விழுங்கக் கூடாது. நோய் எதிர்ப்பாற்றல் குன்றியோருக்கும் ரத்தநாளத்தில் நீண்டநாள் குழாய் பொருத்தப்பட்டோருக்கும் புரோபயாடிக்கில் உள்ள நுண்ணுயிர்களே ரத்தத்தில் கலந்து தொற்றை உண்டாக்கக்கூடும் என்பதால், அவர்கள் புரோபயாடிக்கைத் தாமாக வாங்கிச் சாப்பிடவே கூடாது.