தாழ்வாரத்து வெளிச்சம் போதும்: வீட்டிலேயே இயல்பான குடும்பப் படம் எடுக்க ஆயத்தம் செய்வது எப்படி

எங்கள் அப்பத்தா இறந்த அன்று, பூமாலை போட ஒரு படம் தேவைப்பட்டது. வீட்டில் இருந்த ஆல்பங்களையெல்லாம் புரட்டினோம். அப்பத்தா இருந்த படங்கள் மொத்தம் நான்கு. நான்கும் யாரோ ஒருவர் கல்யாணத்தில் எடுத்தவை. நான்கிலும் விறைப்பாக நின்றுகொண்டிருந்தார். ஒன்றை எடுத்து, ஸ்டுடியோவில் கொடுத்து, முகத்தை மட்டும் வெட்டிப் பெரிதாக்கி வாங்கினோம். அந்தப் படத்தின் இடது ஓரத்தில் இன்னமும் யாருடையதோ பச்சை ஜாக்கெட் கை தெரிகிறது. வெற்றிலை மடித்தபடி பேரப்பிள்ளைகளைப் பார்த்துச் சிரிக்கும் அப்பத்தாவை நாங்கள் தினமும் பார்த்தோம். அந்த முகத்தை ஒருவரும் படம் பிடிக்கவில்லை.

அதற்குப் பிறகு ஆண்டுக்கு ஒரு காலை நேரத்தை வீட்டுப் படத்துக்கென்று ஒதுக்கி வருகிறோம். ஒரு கைப்பேசி, ஒரு ஜன்னல், ஒரு வெள்ளை வேட்டி இருந்தால் தொடங்கிவிடலாம். இதுவரை படமே எடுத்துப் பழகாதவர்களும் செய்யக்கூடிய வகையில் ஒவ்வொரு படியாகச் சொல்கிறேன்.

படி 1: நாளும் நேரமும்

பண்டிகை நாளன்று வைத்துக்கொள்ளாதீர்கள். பொங்கலன்று அடுப்படியில் நிற்பவர்களுக்கு உட்காரவே நேரமிருக்காது. புகையும் வியர்வையுமாக இருக்கும்போது கேமராவை நீட்டினால் யாருக்கும் பிடிக்காது. காணும் பொங்கல் நல்ல நாள். உறவுகள் ஊரில் இருப்பார்கள், வேலை குறைந்திருக்கும். அல்லது ஏதாவது ஒரு ஞாயிறு.

காலை எட்டு மணியிலிருந்து ஒன்பதரை வரை போதும். பெரியவர்கள் குளித்து, காலைப் பலகாரம் முடித்திருக்க வேண்டும். கைக்குழந்தை இருந்தால் அது தூங்கி எழுந்து பால் குடித்த அரை மணி நேரத்தைச் சுற்றி மற்றதையெல்லாம் அமைத்துக்கொள்ளுங்கள். பசியோடு இருக்கும் குழந்தையையும் மாத்திரை சாப்பிடும் நேரம் தவறிய தாத்தாவையும் எந்த வெளிச்சமும் காப்பாற்றாது.

இரண்டு நாள் முன்பே எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். "படம் எடுக்கப் போகிறோம்" என்பதோடு நிறுத்தாமல், "காலையில் எல்லோரும் தாழ்வாரத்தில் உட்கார்ந்து கடலை உரிக்கப் போகிறோம், அப்போது படமும் எடுப்போம்" என்று சொல்லுங்கள். இந்த ஒரு வாக்கியம் பாதி விறைப்பைக் குறைத்துவிடும்.

படி 2: வீட்டில் வெளிச்சத்தைத் தேடுவது

முந்தைய நாள் அதே நேரத்தில் எல்லா விளக்குகளையும் அணைத்துவிட்டு வீட்டைச் சுற்றி வாருங்கள். உள்ளங்கையை முகத்துக்கு நேரே நீட்டி, நின்ற இடத்திலேயே மெல்லச் சுழலுங்கள். ஒரு திசையில் கை ரேகைகள் கறுத்துப் பள்ளமாகத் தெரியும். வேறொரு திசையில் தோல் முழுவதும் ஒரே சீராக, மிருதுவாகத் தெரியும். அப்படித் தெரியும்போது உங்கள் உள்ளங்கை எந்தப் பக்கம் பார்த்திருக்கிறதோ, அந்தப் பக்கம் பார்த்துத்தான் வீட்டார் உட்கார வேண்டும்.

நம் வீடுகளில் தொடக்கக்காரருக்கு ஏற்ற இடம் வாசற்கதவை ஒட்டிய உட்பகுதி. வாசற்படியில் உட்காரக்கூடாது என்று பெரியவர்கள் சொல்வார்கள். படத்துக்கும் அதுவே நல்லது. படியில் உட்கார்ந்தால் வெளிச்சம் தலைக்கு மேலிருந்து விழுந்து கண்குழியைக் கறுக்கவைக்கும். இரண்டு அடி உள்ளே தள்ளி வெளியே பார்த்து உட்கார்ந்தால், வெளிச்சம் முன்னாலிருந்து வந்து கண்ணுக்குள் ஒரு சிறு ஒளிப்புள்ளியை வைக்கும். முற்றம் உள்ள வீடென்றால் முற்றத்தின் நடுவே வேண்டாம். தாழ்வாரத்தில், முற்றத்தைப் பார்த்து. அடுக்குமாடி வீட்டில் பால்கனிக் கதவு இதே வேலையைச் செய்யும்.

ஜன்னல் மட்டுமே இருக்கிறது என்றால் வடக்கு ஜன்னலை முதலில் பாருங்கள். தை மாதத்தில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் அதில் நேர் வெயில் விழாது. ஆனி மாதத்தில் நம் ஊரில் சூரியன் வடக்கே போய்விடும். அப்போது வடக்கு ஜன்னலிலும் வெயில் எட்டிப் பார்க்கும். நேர் வெயில் வந்தால் வெள்ளை வேட்டியை ஒற்றை மடிப்பாக ஜன்னலில் கட்டுங்கள். கூசும் வெயில் பால் போல ஆகிவிடும். வெயில் இல்லாத ஜன்னலில் அதே வேட்டிக்கு இன்னொரு வேலை உண்டு: ஜன்னலுக்கு எதிர்ப்புறம், அமர்ந்திருப்பவருக்கு அப்பால், நாற்காலி முதுகில் விரித்துப் போட்டால், இருண்டிருக்கும் மறுபக்கக் கன்னத்துக்கு அது வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும். எட்டு முழ வேட்டி இருந்தால் நான்கு பேருக்குப் போதும். கரையை உட்புறமாக மடித்துவிடுங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். டியூப்லைட்டைக் கட்டாயம் அணையுங்கள். நம் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று மாறுகிறது; சோக் வைத்த பழைய டியூப்லைட் அதனால் நொடிக்கு 100 முறை மங்கி மங்கி எரிகிறது. கண்ணுக்குத் தெரியாத அந்த மங்கல், படத்தில் கறுப்புப் பட்டைகளாக விழலாம். அதோடு, ஜன்னல் வெளிச்சமும் குழல்விளக்கும் கலந்தால் முகத்தின் ஒரு பாதி நீலமாகவும் மறு பாதி பச்சையாகவும் தெரியும். இரண்டாவது, சுவர். பச்சை, ரோஸ் எனக் கண்ணைப் பறிக்கும் வண்ணம் பூசிய சுவரை ஒட்டி உட்கார்ந்தால் அந்த நிறம் கன்னத்தில் ஏறிவிடும். நான்கைந்து அடி முன்னால் இழுத்து உட்காரவையுங்கள்.

படி 3: எதை ஒதுக்குவது, எதை விடுவது

முதலில் உட்காரும் இடத்தைக் கைப்பேசியில் வெறுமையாக ஒரு படம் எடுங்கள். அன்றாடம் பார்த்துப் பழகிய கண்ணுக்குத் தெரியாதவை அதில் தெரியும்: தொங்கும் சார்ஜர் வயர், தண்ணீர் கேன், மருந்துக் கவர், தலைக்கு நேர் பின்னால் கொம்பு முளைத்ததுபோல் வரும் சுவர் ஆணி. இவற்றை அகற்றுங்கள்.

ஆனால் வீட்டையே கழுவித் துடைத்து ஓட்டல் அறைபோல ஆக்கிவிடாதீர்கள். தாத்தாவின் சாய்வு நாற்காலி, மூலையில் சாய்த்து வைத்த முறம், தேய்ந்துபோன மனைப்பலகை, தேதி கிழிக்கும் காலண்டர் இருக்கட்டும். இருபது ஆண்டு கழித்து அந்தப் படத்தைப் பார்ப்பவர்கள் முகத்தைப் பார்த்த பிறகு இவற்றைத்தான் தேடுவார்கள்.

படி 4: உடை

எல்லோரும் ஒரே நிறத்தில் சட்டை வாங்குவது இப்போது வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் விருப்பமில்லை. சீருடை அணிந்தால் உடம்பும் சீருடைக்கு ஏற்றாற்போல் விறைத்துக்கொள்கிறது. நன்றாகத் துவைத்த, பலமுறை உடுத்திப் பழகிய பருத்தி உடை போதும். பளபளக்கும் பட்டு உடையையும் மிகச் சிறிய கட்டம் போட்ட சட்டையையும் தவிருங்கள். பட்டு வெளிச்சத்தைப் பிரதிபலித்து முகத்தை மங்கச் செய்யும், நுண்கட்டம் படத்தில் அலையலையாக நெளியும். அம்மாவுக்கு நைட்டிதான் வசதி என்றால், அதற்கு மேல் கட்டிக்கொள்ளும் விருப்பமான சேலையை அவரே தேர்ந்தெடுக்கட்டும், நீங்கள் எடுத்து நீட்ட வேண்டாம். தலையில் எண்ணெய் கொஞ்சமாக. அவ்வளவுதான்.

படி 5: கைப்பேசியைத் தயார் செய்வது

முந்தைய இரவு சார்ஜ் ஏற்றி, பழைய வீடியோக்களை அகற்றி இடம் ஒதுக்குங்கள். லென்ஸை மெல்லிய பருத்தித் துணியால் துடையுங்கள். விரல் ரேகை படிந்த லென்ஸ்தான் பல வீட்டுப் படங்கள் புகைமூட்டமாக இருப்பதற்குக் காரணம். பிளாஷை அணையுங்கள். முன்பக்க கேமராவை விட்டுவிட்டுப் பின்பக்க கேமராவையே பயன்படுத்துங்கள்.

முகத்துக்கு மிக அருகில் கைப்பேசியைப் பிடித்தால் மூக்கு பெரிதாகும், காது பின்னுக்குப் போகும். ஆறு, ஏழு அடி தள்ளி நில்லுங்கள். எல்லோரையும் அடக்க வேண்டும் என்று 0.5 என்ற அகலப் பார்வைக்குப் போகாதீர்கள். ஓரத்தில் இருக்கும் சித்தப்பா பக்கவாட்டில் இழுபட்டு இரண்டு மடங்கு பருத்துத் தெரிவார். அதற்குப் பதில் இரண்டடி பின்னால் போகலாம்.

திரையில் முகத்தின் மேல் விரலை வைத்து அழுத்திப் பிடித்தால் பல கைப்பேசிகளில் குவியமும் (ஃபோகஸ்) வெளிச்ச அளவும் அங்கேயே பூட்டிக்கொள்ளும். இதை மட்டும் முதல் நாளே பத்துமுறை பழகிக்கொள்ளுங்கள்.

படி 6: கைகளுக்கு வேலை கொடுப்பது

இந்தப் படியில்தான் எல்லாம் இருக்கிறது. கேமராவைப் பார்த்ததும் நம்மவர்கள் கைகளைத் தொடையோடு ஒட்டி, மூச்சைப் பிடித்து நிற்பதற்கு ஒரு வரலாறு உண்டு. 1839இல் புகைப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்ட காலத்தில் ஒரு படம் பதியப் பல நிமிடங்கள் ஆகும். தலை அசையாமலிருக்கப் பின்னாலிருந்து இரும்புத் தாங்கி வைப்பார்கள். பின்னாளில் தாங்கி போய்விட்டது, "அசையாமல் நில்லுங்கள்" என்ற சொல் மட்டும் நம் ஊர் ஸ்டுடியோக்கள்வரை வந்துவிட்டது. நம் பெரியவர்கள் அதைக் கேட்டு வளர்ந்தவர்கள். "சிரியுங்கள்" என்று சொன்னால் அவர்களுக்குச் சிரிப்பு வராது. கையில் ஒரு வேலையைக் கொடுத்தால் தானாக வரும்.

நாங்கள் தேர்ந்தெடுத்தது நிலக்கடலை. எங்கள் ஊர் ஆலங்குடிப் பக்கம், கடலைக்குப் பஞ்சமில்லை. தாழ்வாரத்தில் பாய் விரித்து, நடுவில் அவித்த கடலையைக் குவித்து, சுற்றி எல்லோரையும் உட்காரவைத்தோம். ஐந்து வயதுக் குழந்தையும் உரிக்கும், எண்பது வயதுத் தாத்தாவும் உரிப்பார். கண் கடலையில் இருக்கும், வாய் பேசிக்கொண்டிருக்கும், யாராவது ஒருவர் குழந்தைக்கு ஊட்டுவார். பூத் தொடுப்பது, வெங்காயம் உரிப்பது தவிர மற்ற காய் நறுக்குவது, பல்லாங்குழி, தாயம், தலை பின்னிவிடுவது என்று உங்கள் வீட்டுக்கு எது பழக்கமோ அதை வையுங்கள். புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டாம்.

வட்டத்தை முழுவதும் மூடாமல் வாசல் பக்கம் திறந்து விடுங்கள். நீங்கள் அந்தத் திறப்பில், வெளிச்சத்தை மறைக்காமல் சற்று ஓரமாக, தரையில் உட்காருங்கள். உட்கார்ந்திருப்பவர்களை நின்றபடி எடுத்தால் உச்சந்தலைதான் கிடைக்கும். கைப்பேசி அவர்கள் கண் மட்டத்தில் இருக்கட்டும். எல்லோரும் வாசலிலிருந்து ஏறத்தாழ ஒரே தூரத்தில் இருந்தால் முகங்கள் ஒரே வெளிச்சத்தில் வரும். மிக உள்ளே தள்ளி உட்கார்ந்தவர் இருண்டுவிடுவார்.

முதல் பத்து நிமிடம் எடுப்பவை ஒன்றும் தேறாது. அவற்றை அவர்கள் கேமராவை மறப்பதற்கான நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறகு பேச்சை நீங்களே தொடங்கிவையுங்கள். "அப்பா, நீங்கள் பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் கண்மாயில் குளித்த கதை என்ன?" என்று கேளுங்கள். கதை சொல்பவரின் முகத்தை எடுக்கும் ஆசை வரும். கேட்பவர்களின் முகங்களையும் மறக்காதீர்கள். கண்ணாடி அணிந்தவர் முகத்தில் வாசல் பிரதிபலித்தால், அவரைத் திருப்பி உட்காரச் சொல்லாமல் நீங்கள் ஓரடி நகருங்கள்.

குழந்தை ஓடினால் ஓடட்டும்.

படி 7: எடுப்பவரும் படத்தில் இருக்க வேண்டும்

பெரும்பாலான வீடுகளில் இரண்டு பேர் படத்தில் இருக்க மாட்டார்கள்: எடுப்பவர் ஒருவர், அடுப்படியில் இருப்பவர் இன்னொருவர். அன்று காலைப் பலகாரத்தை வெளியில் வாங்குங்கள், அல்லது ஆண்கள் சமையுங்கள். அம்மாவைக் கடைசி நிமிடத்தில் "சீக்கிரம் வாருங்கள்" என்று முந்தானையில் கை துடைக்கவைத்துக் கூப்பிடுவது நியாயமில்லை.

உங்களுக்காக, ஒரு முக்காலியின் மேல் அரிசிப் படியை வைத்து, அதில் கைப்பேசியைச் சாய்த்து நிறுத்துங்கள். டைமரை 10 நொடிக்கு வையுங்கள். மூன்று முறை அழுத்தி, மூன்று முறை ஓடிப் போய் உட்காருங்கள். அந்த ஓட்டத்தைப் பார்த்து வரும் சிரிப்புக்காகவே இதைச் செய்யலாம்.

பெரியவர்களைத் தனித்தனியாகவும் இரண்டு படங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். வெற்றிலைப் பெட்டியோடு, பேப்பரோடு, அவர்கள் எப்போதும் உட்காரும் இடத்தில்.

படி 8: அன்றே செய்ய வேண்டியது

இருநூறு படம் எடுத்திருந்தால் அன்றிரவே இருபதாகக் குறையுங்கள். தள்ளிப்போட்டால் அவை கைப்பேசியிலேயே புதைந்துவிடும். வாட்ஸப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கும், டாக்குமெண்டாக அனுப்புங்கள். 6க்கு 4 அங்குல அச்சுக்கு 1800க்கு 1200 புள்ளிகள் போதும் என்பதால் இன்றைய எந்தக் கைப்பேசிப் படமும் தாங்கும். 12 மெகாபிக்சல் படத்தை 12க்கு 8 அங்குலம்வரை தயங்காமல் அச்சிடலாம். தேர்ந்த இருபதில் ஐந்தையாவது அச்சிட்டு வாங்குங்கள்.

பின்புறம் ஓரத்தில், அழுத்தாமல், யார் யார் என்று எழுதுங்கள். பெயரோடு உறவையும், என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பதையும் சேருங்கள். எங்களுடைய முதல் படத்தின் பின்னால் அப்பாவே எழுதினார்: "காணும் பொங்கல். தாழ்வாரம். கடலை உரித்தது. பாதி கடலையைச் சின்னவள் தின்றுவிட்டாள்."