வேலையை விட்டு நிறுத்திவிட்டார்களா? சமரசப் பேச்சுவார்த்தைக்குத் தயாராவது எப்படி

கேட்டில் பஞ்ச் விழவில்லை. செக்யூரிட்டி ‘எச்.ஆரைப் போய்ப் பாருங்க’ என்கிறார். எச்.ஆர் ‘ரெண்டு நாள்ல கூப்பிடுறோம்’ என்கிறார். ஓசூர் சிப்காட் பக்கம் வேலை பறிபோவது பெரும்பாலும் இப்படித்தான்; கையில் ஒரு தாள்கூட வராது. பிறகு தொழிலாளர் துறையில் மனுக் கொடுத்துப் பேச்சுவார்த்தைக்கு உட்கார்ந்தால் நிர்வாகம் சொல்லும் முதல் பதில்: ‘நாங்கள் நிறுத்தவில்லை, அவராகவே வராமல் நின்றுவிட்டார்.’ இந்தப் பதிலை முறியடிக்கத் தயாராவதுதான் முக்கால்வாசி வேலை.

ஒன்றை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். இந்தப் பேச்சுவார்த்தையை நடத்தும் சமரச அலுவலர் நீதிபதி அல்ல. ‘இவரை வேலைக்கு எடு’ என்று உத்தரவு போடும் அதிகாரம் அவருக்கு இல்லை. இரு தரப்பையும் உட்காரவைத்துப் பேசி, ஒத்துவந்தால் ஒப்பந்தம், வராவிட்டால் முறிவறிக்கை, அதாவது பேச்சு முறிந்தது என்ற அறிக்கை. அதனால் இதைச் சடங்கு என்று நினைத்து வெறுங்கையோடு போகிறவர்கள் நிறையப் பேர். அது பெரிய தவறு. இங்கே நீங்கள் எழுதிக்கொடுக்கும் மனுதான் பின்னால் தொழில் தகராறுகளை விசாரிக்கும் தீர்ப்பாயத்துக்கும் போகும். இங்கே ஒன்று, அங்கே வேறொன்று என்று இருந்தால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதைத்தான் பிடிப்பார்.

1. முதல் வாரம்: ‘வேலை கொடுங்கள்’ கடிதம்

நிறுத்தப்பட்ட இரண்டு மூன்று நாளுக்குள் ஆலைக்கு ஒரு கடிதம் போக வேண்டும். நீளமாக எழுத வேண்டாம். இவ்வளவு போதும்:

‘நான் இந்தத் தேதி முதல் இந்தப் பிரிவில் வேலை செய்து வருகிறேன். இந்தத் தேதி காலை ஷிஃப்டுக்கு வந்தபோது கேட்டில் அனுமதிக்கவில்லை. எழுத்துப்பூர்வமான உத்தரவு எதுவும் தரப்படவில்லை. வேலை செய்யத் தயாராக இருக்கிறேன். உடனே பணி வழங்கக் கேட்டுக்கொள்கிறேன்.’

கையில் கொடுத்தால் நகலில் கையெழுத்துப் போட மாட்டார்கள். தபாலில் அனுப்புங்கள். 2025 செப்டம்பர் 1 முதல் பதிவுத் தபால் ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்க்கப்பட்டுவிட்டது. கவுன்டரில் ஸ்பீட் போஸ்ட் என்று சொல்லி, பதிவு வசதியும் சேர்ப்பித்ததற்கான சான்றும் வேண்டும் என்று கேளுங்கள். ரசீதைக் கடித நகலோடு பின் அடித்து வையுங்கள். ‘வாங்க மறுத்தார்’ என்று கவர் திரும்பி வந்தால் பிரிக்கவே கூடாது. ஒட்டியபடி இருக்கும் அந்தக் கவரே நல்ல சாட்சி.

மிரட்டி ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்து வாங்கியிருந்தால் இந்தக் கடிதம் இன்னும் அவசரம். எந்தத் தேதி, எந்த அறை, யார் யார் இருந்தார்கள், என்ன சொல்லி வாங்கினார்கள் என்று எழுதி, ‘அது என் விருப்பப்படி கொடுத்தது அல்ல’ என்று சொல்லிவிடுங்கள். மூன்று மாதம் கழித்துச் சொன்னால் நம்புவது கடினம்.

2. எந்த அலுவலகம்?

நம் பகுதியில் நிறையப் பேர் இங்கேதான் தடுமாறுகிறார்கள். வீடு எங்கே என்பது கணக்கில்லை, வேலை செய்த இடம்தான் கணக்கு. ஓசூரில் குடியிருந்துகொண்டு அத்திப்பள்ளி, பொம்மசந்திரா, ஜிகினி ஆலைகளுக்குப் போகிறவர்கள் கர்நாடகத் தொழிலாளர் துறையில்தான் மனுக் கொடுக்க வேண்டும். தருமபுரி, பென்னாகரத்திலிருந்து வந்து ஓசூர் ஆலையில் வேலை பார்த்தவர் ஓசூர் பகுதிக்கான தொழிலாளர் உதவி ஆணையரிடம் (சமரசம்) போக வேண்டும். கிருஷ்ணகிரி கிரானைட்டில் இன்னொரு சிக்கல் உண்டு. பாலிஷ் போடும் ஆலை மாநில அரசின் கீழ் வரும். கல் வெட்டும் குவாரி சுரங்கம் என்பதால் மத்திய தொழிலாளர் துறையின் கீழ் வரும். தவறான அலுவலகத்தில் கொடுத்த மனு திரும்பி வருவதற்குள் மாதங்கள் ஓடிவிடும்.

மனுவுக்குக் கட்டணம் இல்லை. கால வரம்பு மாறியிருக்கிறது: பழைய தொழில் தகராறுகள் சட்டத்தில், நிறுத்தப்பட்டவர் நேரடியாக நீதிமன்றம் போக மூன்று ஆண்டு இருந்தது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பின்படி, தகராறு எழுந்து இரண்டு ஆண்டு கடந்தால் சமரசமே நடத்த முடியாது. ‘மூணு வருஷம் டைம் இருக்கு’ என்று பழைய கணக்கைச் சொல்கிறவர்களை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள்.

3. மனு: ஒன்றரைப் பக்கம்

சேர்ந்த தேதி, பிரிவு, கடைசியாக வாங்கிய சம்பளம், நிறுத்தப்பட்ட தேதி, அன்று நடந்தது, அதன்பின் அனுப்பிய கடிதம், கோரிக்கை. இந்த வரிசையில் எழுதினால் அலுவலருக்கும் எளிது. கோரிக்கை தெளிவாக இருக்கட்டும்: ‘பணித் தொடர்ச்சியுடன், பின்சம்பளத்துடன் (வேலையில்லாமல் இருந்த காலத்துச் சம்பளம்) மீண்டும் வேலை.’ பேசும்போது பணத்துக்கு இறங்கி வரலாம். ஆனால் மனுவிலேயே ‘செட்டில்மென்ட் கொடுத்தால் போதும்’ என்று எழுதிவிட்டால் வேலை கேட்கும் பிடி தளர்ந்துவிடும்.

சம்பளச் சீட்டில் காண்டிராக்டர் பெயர் இருந்து, வேலை வாங்கியது ஆலை மேற்பார்வையாளர் என்றால் இருவரையும் எதிர்மனுதாரராகப் போடுங்கள். காண்டிராக்டரை மட்டும் போட்டால் ஆலை ஒதுங்கிக்கொள்ளும். ஆலையை மட்டும் போட்டால் ‘அவர் எங்கள் ஆளே இல்லை’ என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். ‘டிரெய்னி’ என்று எடுத்திருந்தால் அந்தக் கடிதத்தைத் தேடி எடுங்கள். தொழிற்பழகுநர் சட்டப்படி பதிவான அப்ரண்டிஸ் தொழிலாளராகக் கருதப்பட மாட்டார். பெயருக்கு டிரெய்னி என்று வைத்துக்கொண்டு மெஷினில் முழு உற்பத்தி வாங்கியிருந்தால் அதை மனுவில் விளக்கமாக எழுத வேண்டும். மாம்பழக் கூழ் ஆலைகளில் சீசனுக்கு என்று தேதி குறித்து ஒப்பந்தம் போட்டிருந்து, அந்தத் தேதியில் வேலை முடிந்திருந்தால் அது ஆட்குறைப்பில் (இழப்பீடு தர வேண்டிய பணிநீக்கத்தில்) சேராது. சீசன் நடுவில் நிறுத்தியிருந்தால் வாதாட இடம் உண்டு.

4. கோப்பு

நியமனக் கடிதம், அடையாள அட்டை, சம்பளச் சீட்டுகள், சம்பளம் ஏறிய வங்கிக் கணக்கு விவரம், இ.எஸ்.ஐ அட்டை, பி.எஃப் பாஸ்புக். நியமனக் கடிதமே தராத இடங்களில் பி.எஃப் பாஸ்புக்கும் வங்கி விவரமும்தான் நீங்கள் வேலை செய்ததைக் காட்டும். பி.எஃப் தளத்தில் உங்கள் பணி விலகல் தேதி என்று எதைப் பதிந்திருக்கிறார்கள் என்றும் பாருங்கள். ‘இன்னும் எங்கள் ஊழியர்தான், வரவில்லை’ என்று பேச்சுவார்த்தையில் சொல்லிவிட்டு, அங்கே விலகல் தேதி போட்டிருந்தால் அந்தப் பக்கத்தை அச்செடுத்து மேசையில் வையுங்கள்.

வாட்ஸ்ஆப் செய்திகளைத் தேதியும் எண்ணும் தெரியும்படி அச்செடுக்கலாம். ஆனால் போனை விற்கவோ மாற்றவோ வேண்டாம். தீர்ப்பாயம் வரை போனால் மின்னணு ஆவணத்துக்குச் சான்றிதழ் கேட்பார்கள்; மூலம் போனில் இருக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மூன்று நகல்: அலுவலருக்கு, நிர்வாகத்துக்கு, உங்களுக்கு. மூலத்தை யாரிடமும் கொடுக்காதீர்கள், ‘பார்த்துட்டு தர்றேன்’ என்றாலும்.

5. கணக்கைப் போட்டுக்கொண்டு போங்கள்

‘எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள்?’ என்று கேட்கும் இடத்தில் தொகை தெரியாமல் விழிப்பவர்தான் குறைவாக வாங்கி வருகிறார். அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்த்து மாதம் ரூ.18,200, பணிக்காலம் 7 ஆண்டு 8 மாதம் என்று வைத்துக்கொள்வோம். ஆறு மாதத்துக்கு மேல் இருப்பதால் 8 ஆண்டாகக் கணக்கு.

பணிக்கொடை (கிராஜுவிட்டி): 18,200-ஐ 26-ஆல் வகுத்தால் 700, 15-ஆல் பெருக்கினால் 10,500, 8 ஆண்டுக்கு ரூ.84,000.
ஆட்குறைப்பு இழப்பீடு: ஆண்டுக்கு 15 நாள் சராசரி ஊதியம். அரை மாதம் 9,100. 8 ஆண்டுக்கு ரூ.72,800. இதற்கு 26-ஆல் வகுக்கும் முறை பொருந்தாது.
அறிவிப்புக் காலச் சம்பளம்: ஒரு மாதம், ரூ.18,200.

கூட்டினால் ரூ.1,75,000. இதோடு நின்றுபோன நாள் வரையிலான சம்பளம், மிச்ச விடுப்பு, போனஸ். வேலை முடிந்த இரண்டு வேலை நாளுக்குள் சம்பள பாக்கியைத் தர வேண்டும் என்பது ஊதியச் சட்டத்தொகுப்பின் விதி. நிர்வாகம் ‘ஒரு லட்சம், முடிச்சுக்கலாம்’ என்றால் அது உங்களுக்குச் சட்டப்படி சேர வேண்டியதைவிடவே குறைவு என்று அப்போதுதான் தெரியும். பணிக்கொடைக்குத் தனி மனு, தனி அலுவலர். வேலைத் தகராறு நடக்கிறது என்பதற்காக அதைக் கோட்டைவிடக் கூடாது.

6. பேச்சுவார்த்தை நாள்

சமரசத்தில் எந்தத் தரப்பும் வழக்கறிஞரை வைத்து வாதாட உரிமையில்லை. சங்க நிர்வாகி உடன் வரலாம். சங்கம் இல்லாதவர் தனியாகவே பேசலாம், பயப்பட வேண்டியதில்லை.

மூன்றே செய்தியைச் சொல்லுங்கள்: எத்தனை ஆண்டு வேலை, எந்தத் தேதியில் எப்படி நிறுத்தினார்கள், என்ன வேண்டும். சூப்பர்வைசரோடு போன வருடம் நடந்த சண்டை, கேன்டீன் சாப்பாடு, ஓவர்டைம் எல்லாம் கலந்து பேசினால் எழுதுகிறவர் கையில் ‘மேலாளரோடு ஒத்துப்போகாதவர்’ என்ற ஒன்றுதான் மிஞ்சும். நிர்வாகம் கொடுக்கும் பதிலுரையின் நகலைக் கேட்டு வாங்கி, அங்கேயே பதில் சொல்லாமல், வாய்தா வாங்கி எழுத்தில் மறுப்புரை கொடுங்கள்.

‘இப்போ எங்கே வேலை செய்றீங்க?’ என்ற கேள்வி வரும். குடும்பத்துக்காகக் கட்டட வேலைக்கோ லோடு ஏற்றவோ போயிருந்தால் உண்மையைச் சொல்லிவிடுங்கள். வயிற்றுப்பாட்டுக்கு வேலை செய்தது குற்றமில்லை. மறைத்து, பின்னால் தெரிந்தால் மற்ற எல்லா வார்த்தையும் சந்தேகத்துக்கு உள்ளாகும்.

ஒவ்வொரு வாய்தாவிலும் வருகைக் கையெழுத்துப் போட்டு, அடுத்த தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒத்திவைத்து அலுக்கவைப்பதும் ஓர் உத்திதான். பஸ் செலவுக்கும் அன்றைய கூலிக்கும் பயந்து இரண்டு முறை போகாமல் இருந்தால் மனு முடிக்கப்பட்டுவிடும். போக முடியாவிட்டால் முன்னதாகவே எழுதிக் கொடுங்கள்.

7. ஒப்பந்தமா, முறிவா?

ஒப்பந்தம் எழுதினால் தொகை எண்ணிலும் எழுத்திலும், பணம் வரும் தேதி, டி.டியா வங்கிக் கணக்கா, பணிக்கொடை இதில் சேர்ந்ததா தனியா, பணிச் சான்றிதழ் உண்டா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்ற வரி இருந்தால் பணிக்கொடையும் அதில் அடங்கிவிட்டதாக வாதிடுவார்கள். தனி என்றால் தனி என்று எழுதச் சொல்லுங்கள். கையெழுத்து அலுவலர் முன்னிலையில் மட்டும். வெளியே டீக்கடையில் நீட்டும் வெற்றுத்தாளில் ஒருபோதும் வேண்டாம்.

ஒத்துவராவிட்டால், பேச்சு தொடங்கியதிலிருந்து 45 நாளுக்குள் அலுவலர் அறிக்கை தர வேண்டும் என்கிறது புதிய சட்டத்தொகுப்பு. அறிக்கை கைக்கு வந்த நாளிலிருந்து 90 நாளுக்குள் தீர்ப்பாயத்தில் மனுச் செய்ய வேண்டும். அறிக்கை வந்த கவரின்மேல் வந்த தேதியை உடனே எழுதி, கவரோடு கோப்பில் வையுங்கள்.