மாமா வீட்டு ஸ்கூட்டியும் பாண்டிச்சேரி பாட்டிலும்: தமிழ்நாட்டுக்கு விடுமுறையில் வருவோர் கவனத்துக்கு

வெளிநாட்டிலிருந்து பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகளோடு ஊருக்கு வந்தால், இரண்டாம் நாளே மாமா வீட்டு ஸ்கூட்டி சாவி அவர்கள் கைக்குப் போய்விடும். "தெருமுனை வரைக்கும்தானே, போயிட்டு வரட்டும்" என்று பெரியவர்களே எடுத்துக் கொடுப்பார்கள். தயவுசெய்து தடுத்துவிடுங்கள்.

மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் சேர்த்த 199ஏ பிரிவு, சிறார் வண்டி ஓட்டினால் பெற்றோரையோ வண்டியின் உரிமையாளரையோ குற்றவாளியாக்குகிறது. 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு 12 மாதம் ரத்து. ஓட்டிய பிள்ளைக்கு 25 வயதுவரை இங்கே லைசென்ஸ் கிடையாது. தனக்குத் தெரியாமல் எடுத்துப்போனான் என்று மாமா சொன்னால், அதை அவர்தான் நிரூபிக்க வேண்டும். நீங்கள் விமானம் ஏறிவிடுவீர்கள், கோர்ட்டுக்கு அலைவது அவர். விபத்தாகிவிட்டால் இன்னும் மோசம். அடிபட்டவருக்குக் கொடுத்த இழப்பீட்டை, லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டினார் என்று காட்டி, இன்சூரன்ஸ் நிறுவனம் மாமாவிடமே திருப்பிக் கேட்கலாம்.

16 வயதில் ஓட்டலாம் என்று யாராவது சொல்வார்கள். அது 50 சிசிக்கு மேற்படாத, கியர் இல்லாத வண்டிக்கு, அதுவும் லைசென்ஸோடு. இன்று ஊரில் ஓடும் டிவிஎஸ் எக்ஸ்எல் 100 கூட அதில் சேராது. அமெரிக்காவில் 16 வயதிலேயே லைசென்ஸ் எடுத்த பிள்ளையானாலும் இங்கே 18 ஆக வேண்டும். பெரியவர்கள் உங்கள் நாட்டு லைசென்ஸோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் எடுத்து வாருங்கள்.

அடுத்தது குடி. இங்கிலாந்தில் 100 மில்லி ரத்தத்தில் 80 மில்லிகிராம் ஆல்கஹால் வரை விடுகிறார்கள், இந்தியாவில் 30தான். அங்கே ஒரு பீர் குடித்துவிட்டு ஓட்டிய பழக்கத்தை இங்கே காட்டாதீர்கள். முதல் முறை பிடிபட்டாலே 10,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். சென்னையில் 2022 முதல், குடித்துவிட்டு ஓட்டுபவரோடு உட்கார்ந்து வருபவர்கள் மீதும் வழக்குப் போடுகிறார்கள்.

பலரும் தெரியாமல் சிக்குவது பாண்டிச்சேரி சரக்கில். விலை குறைவு என்று நாலு பாட்டில் வாங்கி டிக்கியில் போட்டுக்கொண்டு ஈசிஆர் என்னும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் திரும்புவார்கள். புதுச்சேரியில் மட்டும் விற்பனைக்கு என்று பாட்டிலிலேயே அச்சடித்திருக்கும். அதைத் தமிழ்நாட்டுக்குள் கொண்டுவருவது மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். செக்போஸ்ட்டில் பாட்டிலோடு காரையும் பறிமுதல் செய்யலாம். திருநள்ளாறு போகிறவர்களும் கவனியுங்கள். அது காரைக்கால் மாவட்டம், புதுச்சேரியைச் சேர்ந்தது. நாகூருக்குத் திரும்பும் வழியில் வாஞ்சூரில் சோதனை உண்டு. விமான நிலையத்தில் தீர்வையில்லாமல் 2 லிட்டர் வரை கொண்டுவரலாம். வாங்கிய பில்லை எறியாமல் பாட்டிலோடு வையுங்கள். 21 வயது ஆகாத பிள்ளையைக் கடைக்கு அனுப்பாதீர்கள், அவர்களுக்கு விற்கக் கூடாது.

கல்யாண வீட்டு ராத்திரிகளுக்கு ஆக்டிங் டிரைவர், அதாவது உங்கள் வண்டியை ஓட்டத் தற்காலிகமாக வரும் டிரைவர், போட்டுவிடுவதே நல்லது. எந்த ஊரிலும் டிராவல்ஸ்காரரிடம் கேட்டால் ஆள் அனுப்புவார். சம்பளத்தையும் பேட்டாவையும் (சாப்பாட்டுப் படி) முன்கூட்டியே பேசிவிடுங்கள், அவருக்கும் பந்தியில் இலை போடச் சொல்லுங்கள்.