ரோடு பைக் அடிக்கடி பஞ்சர் ஆகிறதா? முதலில் ஓட்டையைப் பாருங்கள்

ரோடு பைக், அதாவது தார்ச்சாலையில் வேகமாக ஓட்டும் மெல்லிய டயர் சைக்கிள் பஞ்சரானால், டியூபைச் சுருட்டி ஓரமாகப் போட்டுவிட்டு, புது டியூப் மாட்டிக் கிளம்பிவிடுகிறோம். அடுத்த வாரம் அதே சக்கரம் மறுபடி உட்கார்ந்துவிடும். டயர்தான் மட்டம் என்று முடிவுகட்டி விலை கூடிய டயர் வாங்குவோம், அதிலும் பஞ்சர். ரோடு பைக் பஞ்சராவதற்கு ஐந்தாறு காரணங்கள்தான் உண்டு. எது என்பதை டியூபில் விழுந்த ஓட்டையே சொல்லிவிடும். அதைப் பார்க்காமல் டயரை மாற்றுவது காசுக்குக் கேடு.

ஓட்டையைக் கண்டுபிடித்தல்

டயர் மாட்டும்போதே அதன் மேல் அச்சிட்ட பெயர் வால்வுக்கு நேராக வரும்படி மாட்டுங்கள். டியூபில் வால்விலிருந்து ஒரு முழம் தள்ளி ஓட்டை இருந்தால், டயரிலும் அந்தப் பெயரிலிருந்து ஒரு முழம் தள்ளித் தேடினால் போதும். டியூப் எந்தப் பக்கமாக இருந்தது என்று மறந்துவிட்டால் இரண்டு திசையிலும் தேட வேண்டும், அவ்வளவுதான்.

டியூபைக் கழற்றி, இரண்டு மடங்கு பருமன் வரும்வரை காற்றடித்து, வாளித் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாக முக்குங்கள். குமிழி வருமிடத்தைப் பால்பாயின்ட் பேனாவால் பெருக்கல் குறி போட்டு வையுங்கள். ஒரு ஓட்டை கிடைத்ததும் நிறுத்திவிடாமல் முழு வட்டமும் பாருங்கள்.

சாலையைத் தொடும் பக்கத்தில் ஒற்றைப் பொத்தல் என்றால் முள், கண்ணாடி அல்லது கம்பி. அருகருகே இரண்டு கீறல் என்றால் பாம்புக்கடி என்று சைக்கிள்காரர்கள் சொல்வது. காற்று குறைந்த டயர் பள்ளத்தின் விளிம்பில் மோதி, ரிம்முக்கும் தரைக்கும் நடுவே டியூப் நசுங்கியிருக்கிறது. ரிம் பக்கம் ஓட்டை என்றால் காரணம் ரிம் டேப், அதாவது ரிம்மின் ஸ்போக் துளைகளை மூடும் பட்டை. வால்வின் அடியில் கிழிந்திருந்தால் காரணம் பம்ப் பிடிக்கும் முறை. விரல் நீளத்துக்குக் கிழிந்திருந்தால் டயரின் விளிம்பு ரிம்மில் சரியாக உட்காரவில்லை, அல்லது டயரின் பக்கச்சுவர் கிழிந்திருக்கிறது.

கம்பியும் முள்ளும்

'புது டியூப் போட்டும் மறுநாளே இறங்கிவிட்டது' என்ற புகாருக்கு முக்கால்வாசி நேரம் காரணம், பழைய குற்றவாளி டயரிலேயே குந்தியிருப்பதுதான். நால்வழிச் சாலையில் லாரி டயர் வெடித்துச் சிதறும்போது அதன் உள்ளேயிருக்கும் எஃகுக் கம்பிகள் தலைமுடி கனத்தில், ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான துண்டுகளாகச் சாலையோரம் கிடக்கும். இவை டயருக்குள் ஏறி நின்றால் வெளியிலிருந்து தெரியாது. காற்று இல்லாத டயரில் கம்பி முனை உள்ளே அமுங்கிக்கொள்ளும் என்பதால், விரலால் தடவினாலும் சில நேரம் தட்டுப்படாது.

டயரை முழுக்கக் கழற்றி, சந்தேகப்படும் இடத்தை உட்புறம் வெளியே வரும்படி மடக்கிப் பிடியுங்கள். பஞ்சு உருண்டை ஒன்றால் உட்புறத்தை இரு திசையிலும் தேய்த்துக்கொண்டே போங்கள். கம்பி இருக்குமிடத்தில் பஞ்சு நூல் மாட்டி நிற்கும். வெறும் விரலால் தேய்த்தால் கண்ணாடித் துண்டு கிழித்துவிடும். கிடைத்த கம்பியை உள்ளிருந்து பிடுங்க முடியாவிட்டால், வெளிப்புறம் தள்ளி மூக்குக் குறடால் இழுங்கள். புருவம் திருத்தும் சின்ன இடுக்கியும் நன்றாக வேலை செய்யும். பைக் பையில் அதற்கு இடம் கொடுங்கள்.

இராமநாதபுரம், விருதுநகர், சிவகங்கைப் பக்கம் ஓட்டுபவர்களுக்குக் கம்பியைவிடச் சீமைக் கருவேல முள்தான் பெரிய தொல்லை. ஓரத்து வேலியை வெட்டிப் போட்ட பிறகு ஒரு வாரத்துக்கு அந்தப் பாதையே வேண்டாம். மண் தடத்தில் இறங்கி ஏறினால் நெருஞ்சி ஒட்டிக்கொள்ளும். முள் முனை உள்ளே ஒடிந்து நிற்கும் என்பதால், வெளியே தெரிந்த பகுதியைப் பிடுங்கியதோடு வேலை முடிந்துவிடாது.

கண்ணாடியும் கம்பியும் பட்ட உடனே டியூபை எட்டுவது குறைவு. பெரும்பாலும் ரப்பரில் சிக்கி, ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே ஏறும். அதனால் ஓட்டி முடித்ததும் இரண்டு டயரையும் மெதுவாகச் சுற்றிப் பார்த்து, வெட்டுகளில் மாட்டியிருப்பதைக் குண்டூசியால் நெம்பி எடுத்துவிடுங்கள். இரண்டு நிமிட வேலை. இதைவிட மலிவான பஞ்சர் தடுப்பு வேறு இல்லை. மழை நாளில் இதைக் கட்டாயம் செய்யுங்கள்: ஈர ரப்பரைக் கண்ணாடி எளிதில் அறுக்கும், தண்ணீரும் ஓரத்துக் குப்பையை நடுச்சாலைக்கு இழுத்து வரும்.

ஓட்டும் இடமும் முக்கியம். கிழக்குக் கடற்கரைச் சாலை போன்ற இடங்களில் ஓரத்து வெள்ளைக் கோட்டுக்கு வெளியே பார்த்தால் ஜல்லி, கண்ணாடி, கம்பி எல்லாம் சேர்ந்து கிடக்கும். வண்டிகளின் சக்கரம் அங்கே ஓடாததால் குப்பை அங்கேயே தங்கும். போக்குவரத்து இடம் கொடுத்தால், கோட்டுக்கு உள்ளே, கார்களின் இடது சக்கரம் போகும் தடத்தில் ஓட்டுங்கள்.

காற்றழுத்தம்

கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பது ரோடு டயருக்கு உதவாது. 60 பிஎஸ்ஐயும் (காற்றழுத்த அளவு) 90 பிஎஸ்ஐயும் விரலுக்கு ஒன்றுபோலவே கல்லாக இருக்கும். மீட்டர் வைத்த தரைப் பம்ப் ஒன்று வாங்குங்கள். பம்புக்குப் பம்ப் மீட்டர் கொஞ்சம் மாறும் என்பதால் எப்போதும் ஒரே பம்பில் அடியுங்கள்.

70 கிலோ எடையுள்ளவர் 700×25 (25 மி.மீ. அகல) டயரில் முன்னால் 80, பின்னால் 85 முதல் 90 வரை வைத்துத் தொடங்கலாம். 700×28 என்றால் முன்னால் 65 முதல் 70, பின்னால் 70 முதல் 75. எடை 5 கிலோ கூடினால் 2, 3 பிஎஸ்ஐ கூட்டுங்கள், குறைந்தால் குறையுங்கள். டயரிலும் ரிம்மிலும் எழுதியிருக்கும் உச்ச அளவுகளில் எது குறைவோ அதைத் தாண்டக் கூடாது. டயரைப் பிடித்துக்கொள்ளும் கொக்கி விளிம்பு இல்லாத புது வகை ரிம்மில் 5 பார், அதாவது 72 பிஎஸ்ஐதான் எல்லை; அதற்கு ஏற்ற டயர்தானா என்பதையும் பார்த்து வாங்க வேண்டும்.

வழக்கமான கறுப்பு ரப்பர் டியூப் (பியூட்டைல்) ஓட்டையே இல்லாமல் ஒரு வாரத்தில் 10, 20 பிஎஸ்ஐ இழப்பது சகஜம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வண்டி எடுப்பவர் காற்றுப் பார்க்காமல் கிளம்பினால் முதல் பள்ளத்திலேயே பாம்புக்கடி வாங்க வாய்ப்புண்டு. அதற்காக 120 ஏற்றிவிடுவதும் வைத்தியம் ஆகாது: கல்லாக இறுகிய டயர் கூரான பொருளின் மேல் வளைந்து கொடுக்காமல் வெட்டு வாங்கும், உடம்பும் ஆட்டம் காணும். ஃபிரேமில் இடமிருந்தால் 28க்கு மாறுவதே நல்ல தீர்வு. மாற்றும் முன் டயருக்கும் ஃபிரேமுக்கும் பிரேக்குக்கும் நடுவே எல்லாப் பக்கமும் 4 மி.மீ. மிஞ்சுகிறதா என்று பாருங்கள்.

தவிர்க்க முடியாத பள்ளம் வந்தால் சீட்டிலிருந்து எழுந்து, முழங்கையையும் முழங்காலையும் மடக்கிப் போங்கள். உட்கார்ந்தே இறங்கினால் மொத்த எடையும் பின்சக்கரத்தில் விழும்.

வெயிலில் நிறுத்தினால் டியூப் வெடிக்கும் என்ற பயம் கொஞ்சம் மிகை. 80 பிஎஸ்ஐ உள்ள டயர் 30 டிகிரியிலிருந்து 50 டிகிரிக்குச் சூடானால் அழுத்தம் 6 பிஎஸ்ஐ அளவுதான் ஏறும். அப்படியும் வெடித்தால், டயர் விளிம்புக்கு அடியில் டியூப் மாட்டியிருந்ததா என்று பாருங்கள். ரிம் பிரேக்கை விடாமல் பிடித்தபடி கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்குவது வேறு கதை. அந்தச் சூட்டில் ஒட்டு கழன்றுவிடக்கூடும். விட்டு விட்டுப் பிடியுங்கள்.

ரிம் டேப்பும் வால்வும்

ரிம் பக்கம் ஓட்டை திரும்பத் திரும்ப வந்தால் டயரைக் குறை சொல்லிப் பயனில்லை. டேப் ஒரு பக்கம் நகர்ந்து ஸ்போக் துளையின் விளிம்பு வெளியே தெரியும். இல்லையென்றால் டேப் இளகித் துளைக்குள் குழி விழுந்திருக்கும். மலிவான சக்கரங்களில் வரும் ரப்பர் பட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டு, பசையுள்ள துணி டேப்போ கெட்டியான நைலான் டேப்போ போடுங்கள். துளைகளை இருபுறமும் முழுதாக மூட வேண்டும். டயர் விளிம்பு உட்காரும் இடத்தில் ஏறக் கூடாது. ஒட்டும் முன் ரிம்மை ஸ்பிரிட்டால் துடையுங்கள்.

ரோடு பைக்கில் வரும் மெல்லிய பிரெஸ்டா வால்வில் பம்ப் தலையைப் பக்கவாட்டில் ஆட்டிப் பிடுங்கினால் அடிப்பகுதி கிழியும். கிழிந்த வால்வு அடியை ஒட்ட முடியாது. கைப்பம்ப் அடிக்கும்போது சக்கரத்தையும் பம்ப் தலையையும் ஒரே கையால் சேர்த்துப் பிடியுங்கள்.

டயர் மாட்டும்போது

டியூபில் அதன் உருவம் வரும் அளவுக்குக் காற்றடித்து உள்ளே வையுங்கள். வால்வுக்கு எதிர்ப்புறம் தொடங்கி வால்வில் முடியுங்கள். கடைசிச் சாணுக்கு லீவர் (டயரை நெம்பும் கட்டை) போட்டால் டியூபைக் கடிக்கும். ஏற்கெனவே ஏறிய பகுதியை ரிம்மின் நடுப் பள்ளத்துக்குத் தள்ளினால் தளர்வு கிடைத்துக் கையாலேயே ஏறிவிடும். பிறகு வால்வை ஒருமுறை உள்ளே அமுக்கி விடுங்கள். இரு பக்கமும் டயரை ஒதுக்கி, டியூப் எங்கும் தெரியவில்லை என்று பார்த்தபின்பே முழுக் காற்று. ரிம் பிரேக் வண்டியில் பிரேக் கட்டை டயரின் பக்கச்சுவரில் உரசுகிறதா என்பதையும் பாருங்கள்.

டயர் எப்போது மாற்றுவது

நடுப்பகுதி தட்டையாகி நூல் தெரிந்தால், அல்லது பல இடத்தில் ஆழமான வெட்டு விழுந்தால் மாற்ற வேண்டியதுதான். கான்டினென்டல் ஜிபி 5000 போன்ற டயர்களில் தேய்மானம் காட்டும் இரண்டு சின்னக் குழிகள் இருக்கும். அவை மறைந்தால் காலம் முடிந்தது. பின் டயர்தான் முதலில் தேயும். புது டயரை முன்னால் போட்டு, முன்னால் இருந்ததைப் பின்னால் கொண்டுபோங்கள். முன்சக்கரம் திடீரென்று இறங்கினால் வண்டி கைக்கு அடங்காது.

தினமும் வேலைக்கு ஓட்டுபவருக்கு கான்டினென்டலின் கேட்டர்ஸ்கின் போன்ற கெட்டியான டயர் ஏற்றது. உருட்டல் கொஞ்சம் மந்தம், ஈரச் சாலையில் பிடிப்பும் குறைவு. டயருக்கும் டியூபுக்கும் நடுவே வைக்கும் பிளாஸ்டிக் பட்டையை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. அதன் முனையே டியூபில் உரசி ஓட்டை போடும். முள் காட்டில் ஓட்டுபவர் டியூப்லெஸ் பக்கம் போகலாம்: 28 மி.மீ. டயருக்கு 30 முதல் 40 மில்லி சீலன்ட் (ஓட்டையை அடைக்கும் திரவம்). நம் ஊர் வெயிலில் அது சீக்கிரம் காயும் என்பதால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும்.

பையில்

டியூப் இரண்டு, லீவர் இரண்டு, ஒட்டு, சொல்யூஷன், உப்புத்தாள், பம்ப், கிழிந்த டயருக்கு உள்ளே வைக்கப் பழைய பற்பசை டியூபில் வெட்டிய துண்டு ஒன்று. பெட்ரோல் பங்கிலும் பஞ்சர் கடையிலும் பிரெஸ்டா வால்வுக்கு முனை இருக்காது. பித்தளை அடாப்டர் ஒன்றை வால்வு மூடிக்குப் பதிலாக மாட்டி வையுங்கள். மாற்று டியூபை ஒரு பழைய துணியில் சுற்றி வையுங்கள், இல்லாவிட்டால் லீவரோடும் ஸ்பானரோடும் உரசி, வேண்டிய நேரத்தில் அதுவும் ஓட்டையாகத்தான் வெளியே வரும்.